வட்டம் பிசகினால் பாவும் பிசகும்

நூலின் தரத்தைப் பற்றியும் சாயத்தின் உறுதியைப் பற்றியும் நெசவாளர்கள் இடைவிடாது கவலைப்படுகின்றனர். அக்கவலை நியாயமானதே. ஆயினும், அந்நூலைத் தாங்கிச் சுழலுகின்ற மரத்தட்டுகளைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலராகவே இருக்கின்றனர். பாவு உருளையின் இரு கோடிகளிலும் நிற்கும் தட்டுகள், தார் சுற்றும் இராட்டையின் சக்கரம், விழுதைத் தூக்கும் கயிறு ஓடுகின்ற கப்பி, பாவு ஓட்டும் டிரம்மின் பக்கங்கள் ஆகிய யாவும் வட்டங்களே. இவற்றுள் ஒன்று பிசகினாலும் அதன் விளைவு நூலிலே தெரியும். நூலிலே தெரிந்தது துணியிலே தெரியும். துணியிலே தெரிந்தது கூலியிலே தெரியும்.

இத்தட்டுகளைச் செய்துகொள்ளப் பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையிலோ தறிக்கூடத்தின் ஒரு மூலையிலோ உறுதியான மேசையொன்றும், சில கருவிகளும், சிறிது பொறுமையும் உடைய எவரும் பிசகற்ற வட்டத்தட்டுகளை அறுத்துக்கொள்ளலாம். இதற்கு வேண்டுவது கைத்திறமையைவிட ஒழுங்கான முறையே. அம்முறையை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே நமது நோக்கம்.

பிசகின் அளவு

வட்டத்தில் ஏற்படும் சிறு பிசகு எவ்வளவு பெரிய நட்டமாக வளர்கிறது என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைப் போல் ஏறக்குறைய 6.28 மடங்கு. ஆகவே, பாவு ஓட்டும் டிரம்மின் ஒரு பக்கத்து ஆரம் மற்றப் பக்கத்து ஆரத்தைவிட 1 மில்லிமீட்டர் மிகுந்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அப்பக்கத்து இழைகள் 6.28 மில்லிமீட்டர் கூடுதலாக ஓடும். முப்பது சுற்று ஓடினால் இவ்வேறுபாடு 188 மில்லிமீட்டர் ஆகும். அதாவது ஏறக்குறைய ஒரு சாண். பாவின் ஒரு கரை இறுகவும் மறு கரை தளரவும் காரணம் என்னவென்று அறியாமல் நூலையும் கஞ்சியையும் குறை கூறுவோர் தம் டிரம்மை ஒருமுறை அளந்து பார்ப்பது நலம்.

இனி, துளை மையத்தில் அமையாத தட்டை எடுத்துக்கொள்வோம். தட்டு முழு வட்டமாகவே இருந்தாலும், அச்சுத்துளை மையத்திலிருந்து 2 மில்லிமீட்டர் விலகியிருந்தால், சுழலும்போது அதன் விளிம்பு 4 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். இது இராட்டைச் சக்கரமாயின், ஒவ்வொரு சுற்றிலும் கயிறு ஒருமுறை இறுகி ஒருமுறை தளரும். தளரும் வேளையில் கதிர் பின்தங்கும். இதனால் தார் ஒரே சீராகச் சுற்றப்படாமல் ஓரிடத்தில் கெட்டியாகவும் ஓரிடத்தில் நெகிழ்ந்தும் அமையும். நெகிழ்ந்த தாரிலிருந்து நாடா ஓடுகையில் சுற்றுகள் கொத்தாக நழுவி விழுவதும், ஊடை சிக்குவதும் நெசவாளர் யாவரும் அறிந்த தொல்லைகளே.

தட்டு அச்சுக்குச் செங்குத்தாக நில்லாமல் சாய்ந்திருப்பது மற்றொரு குறை. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டில் துளை ஒரு பாகை மட்டுமே சாய்ந்திருந்தாலும், விளிம்பு இப்பக்கமும் அப்பக்கமுமாக 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆடும். பாவு உருளையில் அத்தகைய தட்டு இருக்குமாயின், அது விலகும் இடத்தில் கரையோர இழைகள் இடைவெளியில் இறங்கிவிடும். நெருங்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பிறகு அக்கரையைத் தறியில் நேர்செய்ய வழியில்லை.

மையமே முதன்மையானது

பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை யாதெனில், பலகையின்மேல் கவராயத்தால் வட்டம் வரைந்து, கோட்டை ஒட்டி ரம்பத்தால் அறுத்து, எஞ்சிய மேடுகளை அரத்தால் தேய்த்து, இறுதியில் நடுவே துளையிடுவது. இம்முறையில் வட்டம் கண்ணுக்கு அழகாகத் தோன்றலாம்; ஆனால் சரியாக இராது. பென்சில் கோடே அரை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது. ரம்பம் ஓரிடத்தில் கோட்டின் உள்ளும் ஓரிடத்தில் வெளியும் செல்கிறது. அரத்தால் தேய்க்கும்போது ஒவ்வொரு மேடும் தனித்தனியே திருத்தப்படுகிறதேயன்றி, மையத்தோடு அதற்குள்ள தொலைவு யாராலும் அளக்கப்படுவதில்லை. கடைசியில் இடும் துளையும் தன் போக்கில் சற்று விலகிவிடுகிறது.

குயவர் திகிரியில் பானை வனைவதைக் கவனித்தவர்கள் இதற்கு மாற்று யாதென எளிதில் உணர்வர். அங்கே கை அசையாது நிற்கிறது, மண் சுழல்கிறது. சுழலும் பொருளின் மையம் நிலையாயிருக்கிறது. கைக்கும் மையத்துக்கும் உள்ள தொலைவு மாறாதிருப்பதால் பானையின் வாய் தானே வட்டமாகிறது. கடைசல் தொழிலாளரின் வேலையும் இதே விதியைச் சார்ந்ததுதான். மரத்தட்டு அறுப்போர் கைக்கொள்ள வேண்டிய விதியும் இதுவே. மையத்தில் ஓர் ஆணியை நிறுத்தி, அதைச் சுற்றி மரத்தைச் சுழற்ற வேண்டும். அல்லது மரத்தை நிறுத்தி அந்த ஆணியைச் சுற்றிக் கருவியைச் சுழற்ற வேண்டும்.

இதிலிருந்து மூன்று நியதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, மையத்துளையை எல்லா வேலைக்கும் முன்னதாகவே இடவேண்டும். இரண்டாவது, குறித்தல், அறுத்தல், தேய்த்தல், அச்சுத்துளை பெருக்குதல் ஆகிய அனைத்தையும் அந்த ஒரே துளையைக் கொண்டே செய்ய வேண்டும். மூன்றாவது, அத்துளையில் நிற்கும் ஆணி சிறிதும் ஆடக்கூடாது. துளைக்குள் ஆணி அரை மில்லிமீட்டர் ஆடினால் வட்டத்திலும் அரை மில்லிமீட்டர் பிசகு தோன்றும். 6 மில்லிமீட்டர் துளைக்கு 6 மில்லிமீட்டர் எஃகு ஆணியே ஏற்றது. தட்டை அழுத்தி இறக்கினால்தான் இறங்க வேண்டும்.

மரத்தைத் தேர்தல்

ஒரே பலகையிலிருந்து அறுத்த வட்டம் என்றும் வட்டமாகவே இருப்பதில்லை. மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று விரியவும் இழந்து சுருங்கவும் செய்கிறது. இம்மாறுதல் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய இல்லையெனலாம். நாருக்குக் குறுக்கே மிகுதியாக நிகழும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகவே அசையும் என்பது உண்மை. எனினும், ஆண்டு வளையங்களை ஒட்டியவாறு அறுத்த தேக்குப் பலகையில் 300 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி வைத்தால், மரத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு 4 பங்கு மாறும்போது குறுக்கு விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர் மாறிவிடும்; நெடுக்கு விட்டமோ மாறாது. சித்திரையில் வட்டமாயிருந்த தட்டு ஐப்பசியில் நீள்வட்டமாவதன் காரணம் இதுவே. தறிக்கூடத்தில், அதிலும் குழித்தறி உள்ள இடத்தில், இழை அறாமலிருக்கும்பொருட்டு ஈரம் காக்கப்படுவதால் இக்குறை மேலும் மிகும்.

இதனை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நம் மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். அது ஒரே பலகையில் வெட்டப்பட்டதன்று. குடமும் ஆரக்கால்களும் வட்டைகளும் தனித்தனியே செய்யப்பட்டு, ஒவ்வொன்றின் நாரும் தக்க திசையில் ஓடுமாறு இணைக்கப்பட்டுள்ளன. சுலோவேனியா நாட்டில் லியூப்லியானா சதுப்பு நிலத்தில் 2002-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மரச்சக்கரம் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதுவும் இரண்டு பலகைகளைச் சேர்த்து, அவற்றுக்குக் குறுக்கே வேறொரு மரத்தின் சட்டங்களைச் செருகிச் செய்யப்பட்டதாகவே காணப்படுகிறது.

இக்காலத்தில் இதற்கு எளிய தீர்வு, பிளைவுட் என்று கடைகளில் விற்கும் ஒட்டுப்பலகையாகும். அதில் மெல்லிய ஏடுகள் ஒன்றற்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒவ்வோர் ஏடும் மற்றதன் அசைவைத் தடுத்து நிறுத்துகிறது. பாவு உருளைத் தட்டுக்கு 18 மில்லிமீட்டர் கனம் போதுமானது. ஈரம் தாங்கும் வகையையே வாங்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் 710 என்னும் எண் கடல்நீர் தாங்கும் ஒட்டுப்பலகைக்கும், 303 என்னும் எண் பொது உபயோக ஒட்டுப்பலகைக்கும் உரியவை. பலகையில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குதல் நன்று. வாங்கிய பலகை தட்டையாயிருக்கிறதா என்பதை நேரான சட்டமொன்றை நான்கு திசைகளிலும் வைத்துச் சோதிக்கவும். வளைந்த பலகையிலிருந்து ஆடாத தட்டு கிடைக்காது.

குறித்தலும் மூலை களைதலும்

300 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு தட்டுகள் வேண்டுமெனக் கொள்வோம். அளவை நிச்சயிக்கும்போதே ஒரு செய்தியை மனத்திற்கொள்ள வேண்டும். தச்சர்களுள் பலர் இன்றும் அடி, அங்குலக் கணக்கையே வழங்குகின்றனர். ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர், 300 அன்று. ஒரு தட்டை அடிக்கணக்கிலும் மற்றொன்றை மில்லிமீட்டர்க் கணக்கிலும் செய்தால், இரண்டின் சுற்றளவும் 15 மில்லிமீட்டர் வேறுபடும். ஆதலால் ஒரே அளவுகோலைக் கொண்டே இரண்டையும் குறித்துக்கொள்க.

முதலில் 310 மில்லிமீட்டர் பக்கமுள்ள இரு சதுரங்களை அறுத்து, மூலைக்கு மூலை கோடிட்டு, அக்கோடுகள் வெட்டுமிடத்தில் 6 மில்லிமீட்டர் துளையிடவும். துளை செங்குத்தாக அமைதல் மிகவும் முக்கியம். துளையிடும் கருவியைத் தாங்கி நிறுத்தும் நிலைச்சட்டம் இருப்பின் நன்று. இல்லையேல், கனமான கட்டையொன்றில் செங்குத்தாக ஒரு துளையை ஒருமுறை தச்சரிடம் போட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதை வழிகாட்டியாகப் பலகையின்மேல் இருத்தி, அதன் வழியே துளையிடலாம்.

அடுத்து, நான்கு மூலைகளையும் களைந்து எண்கோணமாக்க வேண்டும். இதற்குத் தச்சர்கள் அறிந்த எளிய வழியொன்று உண்டு. சதுரத்தின் மூலையிலிருந்து மையம் வரையுள்ள தொலைவைக் கவராயத்தில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மூலையிலிருந்தும் இருபுறப் பக்கங்களிலும் அத்தொலைவைக் குறித்தால் எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். அடுத்தடுத்த புள்ளிகளை மூலைக்குக் குறுக்கே இணைத்து அறுத்துவிட்டால் ஒழுங்கான எண்கோணமாகும். சதுரத்தினுள் அமையும் வட்டத்துக்கு வெளியே நூற்றுக்கு 21 பங்கு மரம் கழிவாக நிற்கிறது; மூலைகளைக் களைந்தபின் எஞ்சுவது நூற்றுக்கு 4 பங்குக்குச் சற்று மிகுதியே. நேர்கோட்டில் அறுப்பது எவர்க்கும் எளிது. ஆகவே கடினமான வேலையின் பெரும்பகுதியை எளிய வேலையாலேயே முடித்துவிடுகிறோம்.

மையப்பலகை

மின்கருவிகள் இல்லாதவர்களும் செய்துகொள்ளக்கூடியது மையப்பலகை. 600 மில்லிமீட்டர் நீளமும் 300 மில்லிமீட்டர் அகலமும் உள்ள தட்டையான பலகையொன்றின் நடுவே நெடுகப் பள்ளம் எடுத்து, அதில் ஆடாமல் நகரக்கூடிய ஒரு சட்டத்தைப் பொருத்துக. சட்டத்தின் ஒரு கோடியில் 6 மில்லிமீட்டர் எஃகு ஆணியைச் செங்குத்தாக நாட்டுக. பலகையின் மற்றக் கோடியில், மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துச் செங்குத்தாக ஒரு கட்டையை நிறுத்தி, அதன்மேல் 80-ஆம் எண் உப்புத்தாளை ஒட்டுக. சட்டம் ஓர் அளவுக்குமேல் நகராதவாறு தடுக்கும் கட்டையும் வேண்டும். ஆணியின் நடுவிலிருந்து உப்புத்தாள் வரையுள்ள தொலைவு 150 மில்லிமீட்டர் ஆகும் இடத்தில் அத்தடையைத் திருகாணியால் இறுக்கிவிட வேண்டும்.

எண்கோணத்தை வில் ரம்பத்தால் கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் வெளியே வட்டமாக அறுத்து, அரத்தால் கோட்டை நெருங்கும்வரை தேய்த்து, பிறகு ஆணியில் ஏற்றி, உப்புத்தாளோடு அணைத்து மெல்லச் சுழற்றுக. மேடுகள் மட்டும் உப்புத்தாளில் படும், பள்ளங்கள் படா. சட்டத்தைச் சிறிது சிறிதாக முன் தள்ளிச் சுழற்றிவந்தால், தடையைத் தொடும் நேரத்தில் விளிம்பு முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்து நிற்கும். இதற்கு நேரம் பிடிக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. உப்புத்தாள் கட்டையின் இடத்தில், மின்விசையால் சுழலும் உப்புத்தாள் வட்டை அமைத்துக்கொள்வோர்க்குச் சில நிமிடங்களே போதும். முறை இரண்டிலும் ஒன்றே.

பட்டை ரம்பமும் ரவுட்டரும்

பட்டை ரம்பம் கிடைக்கும் இடத்தில் அதன் மேசைமீது இம்மையப்பலகையையே பொருத்தலாம். இங்குக் கவனிக்க வேண்டுவது ஆணியின் இடம். ரம்பத்தின் பற்களுடைய முன்விளிம்பிலிருந்து, ரம்பத்தின் பக்கத்துக்குச் செங்கோணமாக ஒரு கோடு இழுத்தால், ஆணி அக்கோட்டின்மேல் நிற்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ விலகினால் ரம்பம் திருகிக்கொள்ளும். வட்டமும் தொடங்கிய இடத்தில் வந்து சேராது. ரம்பத்தின் அகலமும் வட்டத்துக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். 12 மில்லிமீட்டர் அகலமுள்ள ரம்பம் சுமார் 63 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைந்த வட்டத்தில் திரும்பாது. 6 மில்லிமீட்டர் ரம்பமோ 16 மில்லிமீட்டர் ஆரம்வரை திரும்பும்.

ரவுட்டர் என்னும் கைக்கருவி இப்போது பல ஊர்களில் தச்சர்களிடம் உள்ளது. இதில் மரம் நிலையாயிருக்கும். கருவி மையத்தைச் சுற்றிவரும். ரவுட்டரின் அடித்தட்டோடு ஒரு நீண்ட கையை இணைத்து, அதன் கோடியில் மையஆணியை நாட்ட வேண்டும். தொலைவை அளக்கும்போது ஆணியின் நடுவிலிருந்து வெட்டலகின் உட்புற விளிம்பு வரை அளத்தல் அவசியம். 6 மில்லிமீட்டர் அலகின் நடுவரை 150 மில்லிமீட்டர் என்று அளந்துவிட்டால், தட்டின் விட்டம் 300-க்கு மாறாக 294 மில்லிமீட்டராகவே அமையும். ஒரே வீச்சில் முழுக்கனத்தையும் வெட்ட முயலாமல், ஒவ்வொரு சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ஆழமே இறக்குக. மேலிருந்து பார்க்கையில் கருவியை இடஞ்சுழியாக நகர்த்துக. தட்டைக் கழிவுப் பலகையொன்றின்மேல் இருபுறமும் ஒட்டும் நாடாவால் ஒட்டி வைக்காவிடில், கடைசிச் சுற்றில் தட்டு பிரிந்து அசைந்து விளிம்பைக் கெடுத்துவிடும்.

சிறிய கப்பிகளுக்குக் குழல் வடிவான வட்ட ரம்பம் போதும். ஆனால் அதன்மேல் பொறித்துள்ள அளவு அது போடும் துளையின் அளவேயன்றி, உள்ளே கிடைக்கும் தட்டின் அளவன்று. பற்கள் தின்னும் கனம் இருபுறமும் குறையும் என்பதைக் கணக்கிட்டு ஒரு படி பெரியதை எடுத்துக்கொள்க.

மின்கருவி எதுவாயினும் அதன் அருகில் தோளில் துண்டும், தொங்கும் வேட்டித் தலைப்பும், முந்தானையும், தளர்ந்த கைச்சட்டையும் கூடா. சுழலும் கருவியருகில் கையுறையும் ஆபத்தே. கண்ணுக்குக் கண்ணாடியும், மரத்தூள் நெஞ்சில் சேராதிருக்க மூக்குக்கு மறைப்பும் இன்றியமையாதவை.

அச்சுத்துளையும் பள்ளமும்

விளிம்பு முடிந்தபின் மையத்துளையை உருளையின் அச்சு நுழையும் அளவுக்குப் பெருக்க வேண்டும். நடுவில் 6 மில்லிமீட்டர் துளையூசியுள்ள வட்ட ரம்பத்தை எடுத்து, அவ்வூசியை முன்னர் இட்ட துளையிலேயே நுழைத்து அறுத்தால், பெருந்துளையும் அதே மையத்தில் அமையும். நடுமுனை கொண்டு மரத்தைப் பற்றும் அகன்ற அலகுகள் இதற்கு உதவா. அம்முனை பற்றுவதற்கு அங்கே மரம் இராது.

இரண்டு தட்டுகளையும் சேர்த்து ஒரே ஆணியில் ஏற்றி இறுதித் தேய்ப்பைச் செய்தல் சாலச் சிறந்தது. பிறகு, பிரிப்பதற்கு முன் இரண்டின் விளிம்பிலும் குறுக்கே ஒரு கோடிட்டுக்கொள்க. உருளையில் பொருத்தும்போது அவ்விரு கோடுகளும் ஒரே நேரில் நின்றால், எஞ்சியுள்ள சிறு பிசகும் இருபுறமும் ஒன்றாகவே இருக்கும், பாவு கோணாது.

இராட்டைச் சக்கரத்துக்கு விளிம்பில் கயிறு ஓடும் பள்ளம் வேண்டும். பள்ளம் தோண்டுவதைவிட எளிய வழி, மூன்று தட்டுகளை ஒட்டுவதாகும். நடுவில் 280 மில்லிமீட்டர் தட்டையும் இருபுறமும் 300 மில்லிமீட்டர் தட்டுகளையும் ஒரே ஆணியில் கோத்துப் பசையிட்டு இறுக்கினால், 10 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளம் தானே அமைந்துவிடும். கயிறு 280 மில்லிமீட்டர் வட்டத்தில் ஓடுவதால், கதிரின் சிறுகப்பி 14 மில்லிமீட்டராயின், சக்கரம் ஒருமுறை சுழலக் கதிர் 20 முறை சுழலும். காந்தியடிகளின் சிறைவாசத்தோடு தொடர்புற்று எரவாடா இராட்டை என்று பெயர் பெற்ற பெட்டி இராட்டையிலும் இரண்டு தட்டுகள் இவ்வாறே ஒன்றை ஒன்று இயக்கிக் கதிரின் வேகத்தைப் பெருக்குகின்றன. வேகம் பெருகும் இடத்தில் குறையும் பெருகும் என்பதால், அத்தகைய இராட்டைகளில் சிறிய தட்டும் பெரியதைப் போன்றே பிசகற்றதாயிருத்தல் வேண்டும்.

சோதனை

செய்த தட்டை மூன்று விதமாகச் சோதிக்கலாம். முதலாவது, விளிம்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டி வைத்து நீளத்தை அளப்பது. 300 மில்லிமீட்டர் தட்டுக்கு அது 942.5 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். விட்டத்தில் 1 மில்லிமீட்டர் பிசகு பட்டையில் 3 மில்லிமீட்டருக்கு மேலாகப் பெருகித் தோன்றுவதால், விட்டத்தை நேரே அளப்பதைவிட இது நம்பத்தக்கது.

இரண்டாவது, தட்டை அதன் அச்சிலேயே ஏற்றி, விளிம்புக்கு மிக அருகில் அசையாத ஒரு பென்சில் முனையை நிறுத்திச் சுழற்றிப் பார்ப்பது. விளிம்பு ஒரு சுற்றில் ஒருமுறை மட்டும் முனையை நெருங்கினால், துளை மையத்தில் இல்லை என்று அறிக. இருமுறை நெருங்கினால் தட்டு நீள்வட்டமாகிவிட்டது என்று அறிக. முன்னதற்குத் துளையைத் தக்கை வைத்து அடைத்துப் புதிதாக இடவேண்டும். பின்னதற்கு மீண்டும் மையப்பலகையில் ஏற்றித் தேய்க்க வேண்டும். விட்டத்தை மட்டும் அளந்து பார்ப்போர் முதற்குறையைக் காணவே இயலாது. ஏனெனில், துளை விலகியிருந்தாலும் விட்டம் எல்லாத் திசையிலும் ஒன்றாகவே இருக்கும். அதே பென்சில் முனையைத் தட்டின் பக்கத்தில் நிறுத்திச் சுழற்றினால் சாய்வும் வெளிப்படும்.

மூன்றாவது சோதனை நெசவாளர்க்கே உரியது. ஒரு பஞ்சுத் திரளை விளிம்பின்மேலும் உட்பக்கத்தின்மேலும் தடவிச் செல்க. நார் எங்கே பற்றிக்கொள்கிறதோ அங்கே நாளை இழையும் பற்றி அறும். அவ்விடத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, உள்விளிம்பின் கூரைச் சற்று மழுக்கி, முழுவதும் இருமுறை வார்னிஷ் பூசி உலர்த்துக. ஒட்டுப்பலகையின் விளிம்பில் ஏடுகளின் வாய் திறந்திருப்பதால் அங்கே மும்முறை பூசினும் தகும்.

உழவர்களுக்கும் உரியது

இவ்விஷயம் நெசவாளர்க்கு மட்டும் உரியதென்று உழவர்களான அங்கத்தினர்கள் கருத வேண்டியதில்லை. கிணற்றில் வாளிக்கயிறு ஓடும் மரஉருளையில் துளை விலகியிருந்தால், கயிறு ஒவ்வொரு சுற்றிலும் வெட்டி வெட்டி இழுக்கும். அச்சும் ஒரு பக்கமாகவே தேயும். மேலே கூறிய மூன்று தட்டு முறையில் அவ்வுருளையையும் செய்துகொள்ளலாம். விதையும் தானியமும் வைக்கும் பீப்பாய்களுக்கு எலியும் வண்டும் புகாதவாறு பொருந்தும் மூடி வேண்டுமாயின் அதுவும் இவ்வேலையே. மூடியில் துளை இருக்கக்கூடாதாகையால், மையத்துளையை உட்புறத்திலிருந்து பாதிக்கனம் மட்டும் இட்டு, ஆணியையும் அதற்கேற்பக் குறுகியதாக அமைத்துக்கொள்க.

பொதுவில் வைக்கத்தக்க கருவி

ஓர் அங்கத்தினர்க்கு இத்தகைய தட்டுகள் ஆண்டில் சில நாட்களே தேவைப்படும். அச்சில நாட்களுக்காக ஒவ்வொருவரும் ரவுட்டரும் பட்டை ரம்பமும் வாங்குவது வீண்செலவு. கூலிக்குச் செய்து தருவோரைத் தேடிச் சென்று காத்திருந்தால் தறி நிற்கிறது. நெய்த அளவுக்கே கூலி பெறுவோர்க்குத் தறி நின்ற நாள் வருவாயற்ற நாளாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி சங்கத்தின் வழியே. ஒரு சங்கத்தில் ஒரு மையப்பலகையும், ஒரு ரவுட்டரும், துளையிடும் நிலைச்சட்டமும் இருக்குமாயின் பல தறிகளுக்கு அவை போதும். கருவிகளைப் பொறுப்பேற்று வைத்திருக்க ஒருவரும், எடுத்த நாளும் திருப்பிய நாளும் எழுத ஒரு பேரேடும், தேய்ந்த அலகுகளை மாற்ற ஒரு சிறு கட்டணமும் இருந்தால் ஒழுங்கு குலையாது.

இதனினும் பெரிய அனுகூலம் ஒன்றுண்டு. சங்கத்தில் அளவுத்தட்டு ஒன்றைச் செம்மையாகச் செய்து வைத்து, அங்கத்தினர் அனைவரும் அதற்கு ஒத்தே தம் தட்டுகளை அறுத்துக்கொண்டால், அச்சின் அளவும் ஒத்த தறிகளுக்கிடையே ஒரு வீட்டு உருளை மறு வீட்டுத் தறியிலும் பொருந்தும். ஒருவர்க்கு உடல்நலம் குன்றினால் அவருடைய பாவை மற்றொருவர் தம் தறியில் ஏற்றி முடித்துக் கொடுக்கலாம். ஒரு தட்டு உடைந்தால் அடுத்த தெருவிலிருந்து இரவல் பெற்று அன்றைய வேலையை நடத்தலாம். அளவுகள் ஆளுக்கொன்றாக இருக்கும்வரை இவை இயலா.

ஆகவே, அங்கத்தினர்கள் அடுத்த பாவு ஏற்றுவதற்கு முன், தம்மிடமுள்ள தட்டுகளைப் பென்சில் முனையருகே ஒருமுறை சுழற்றிப் பார்ப்பார்களாக. அதற்கு ஒரு காசும் செலவில்லை. பிசகு தெரிந்தால் அதைத் திருத்தும் வழி இங்கே கூறப்பட்டுள்ளது. ஒரு பாவு முழுவதையும் கோணலாக நெய்துவிட்டு வருந்துவதைவிட, ஒரு நாள் மாலையைச் செலவிட்டு இரண்டு தட்டுகளைச் செம்மையாக அறுத்து வைப்பது எவ்வாற்றானும் சிக்கனமேயாகும்.